வீடுசார் பச்சிளங்குழந்தைப் பராமரிப்பு

பிறந்து 28 நாட்கள் நிறையாத குழந்தை பச்சிளங்குழந்தை எனப்படும். மகாராட்டிர மாநிலக் கட்சிரோலி மாவட்டச் சிற்றூர்களில் 1990களில் குழந்தைகள் பெரும்பாலும் வீட்டிலேயே பிறந்தன. நோயுற்றால் மருத்துவரை நாடுவது அரிது. அங்கு 1986இல் 'சர்ச்' நிறுவனத்தைத் தொடங்கிய மருத்துவ இணையர் அபய் பங், ராணி பங் ஆகியோர், 1995இல் 39 ஊர்களில் உள்ளூர்ப் பெண்களுக்குப் பயிற்சி அளித்தனர்.

அப்பெண்கள் வீடு தேடிச் சென்று, குழந்தையைக் கதகதப்பாக வைத்திருக்கவும் சீம்பாலை வீணாக்காமல் ஊட்டவும் தாய்மாருக்கு எடுத்துரைத்தனர், எடை பார்த்தனர், தொற்று கண்டால் ஊசி மருந்தும் செலுத்தினர். மூன்றாம் ஆண்டில், இத்திட்டம் இல்லாத ஊர்களுடன் ஒப்பிட, பச்சிளங்குழந்தை இறப்பு 62 விழுக்காடு குறைந்தது. இம்முடிவு 1999இல் 'லான்செட்' இதழில் வெளியானது.

2011இல் இந்திய அரசு இம்முறையை ஆஷா பணியாளர்கள் வழியாக விரிவாக்கியது. மருத்துவமனையில் பிறந்த குழந்தையையும் 3, 7, 14, 21, 28, 42ஆம் நாட்களில் வீட்டுக்குச் சென்று பார்ப்பது இதன் விதி. தமிழ்நாட்டில் கிராம சுகாதாரச் செவிலியர்களும் பிரசவத்துக்குப் பின் வீடுகளுக்குச் சென்று ஆலோசனை வழங்குகின்றனர்.