ஒரே நோய், இரண்டு முதுமை

2020 ஜூலை 17 அன்று அமெரிக்காவிலிருந்து இரண்டு செய்திகள் வந்தன. உச்ச நீதிமன்ற நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க், தனக்குப் புற்றுநோய் திரும்பியிருப்பதாகவும் கீமோ எடுத்துக்கொண்டிருப்பதாகவும் அறிக்கை விட்டார். அன்றைக்கே பிரதிநிதிகள் சபை உறுப்பினர் ஜான் லூயிஸ் அட்லாண்டாவில் இறந்துபோனார். நீதிபதிக்கு வயது 87, லூயிஸுக்கு 80. இருவருக்கும் கணையப் புற்றுநோய். செப்டம்பர் 18-இல் கின்ஸ்பர்க்கும் போய்விட்டார். வயதான காலத்தில் இந்த நோய் வந்தால் எதை வைத்து சிகிச்சையை முடிவுசெய்வது என்ற கேள்விக்கு இந்த இருவரையும் அருகருகே வைத்துப் பார்ப்பது உதவும்.

கணையம் இரைப்பைக்குப் பின்னால் மறைந்து கிடக்கிற உறுப்பு. கட்டி அதன் தலைப்பகுதியில் வந்தால் பித்தநாளத்தை அடைத்து மஞ்சள் காமாலையாக வெளியே தெரிந்துவிடும். நடுவிலோ வாலிலோ வந்தால் வெகுநாள் எந்த அறிகுறியும் இருக்காது. அதனால்தான் ஐந்தில் நான்கு பேருக்கு, நோய் தெரியவரும்போதே அறுவை சிகிச்சைக்கான கட்டம் தாண்டியிருக்கிறது.

கின்ஸ்பர்க் அந்த ஐந்தாவது ஆள். 1999-இல் அவருக்குப் பெருங்குடலில் புற்றுநோய் வந்து குணமாகியிருந்தது. அதன் பிறகு விடாமல் பரிசோதனை செய்துகொண்டே இருந்தார். 2009 ஜனவரியில் வழக்கமான ஸ்கேன் ஒன்றில் கணையத்தின் நடுப்பகுதியில் ஒரு சென்டிமீட்டர் அளவில் ஏதோ தெரிந்தது. பிப்ரவரி 5-ஆம் தேதி நியூயார்க்கின் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவமனையில் கணையத்தின் ஒரு பகுதியையும் மண்ணீரலையும் எடுத்தார்கள். எடுத்த பகுதியைச் சோதித்தபோது, ஸ்கேனில் தெரிந்த கட்டியில் புற்று இல்லை. ஸ்கேனில் தெரியாத, அதைவிடச் சிறிய இன்னொன்றில்தான் புற்று இருந்தது. நிணநீர் முடிச்சுகளுக்குப் பரவவில்லை, முதல் கட்டம். அப்போது அவருக்கு 75 வயது. பிப்ரவரி 23-இல் நீதிமன்றத்துக்குத் திரும்பிவிட்டார், முன்னெச்சரிக்கையாகக் கீமோவும் எடுத்துக்கொண்டார். ‘இந்த வயசுல எதுக்கு ஆபரேஷன்’ என்று யாராவது தடுத்திருந்தால், அடுத்து வந்த பதினோரு ஆண்டுகள் அவருக்கு இருந்திருக்குமா என்பது சந்தேகமே.

லூயிஸுக்கு அந்த வழி திறக்கவே இல்லை. 2019 டிசம்பரில் அவரும் வழக்கமான பரிசோதனைக்குத்தான் போனார். அதைத் தொடர்ந்த சோதனைகளில் தெரியவந்தபோது நோய் நான்காம் கட்டத்தில் இருந்தது. கத்திக்கு அங்கே வேலையில்லை. மருந்தால் காலத்தைக் கொஞ்சம் நீட்டலாம், வேதனையைக் குறைக்கலாம், அவ்வளவுதான். சிகிச்சை எடுக்கிறேன், சில வாக்கெடுப்புகளுக்கு வர முடியாமல் போகலாம் என்று அந்த மாதமே எல்லோருக்கும் சொல்லிவிட்டார். ஏழு மாதம் இருந்தார்.

2019 கோடையில் கின்ஸ்பர்க்கின் கணையத்தில் மறுபடியும் கட்டி. இம்முறை அறுவை இல்லை. மூன்று வாரக் கதிர்வீச்சு, பித்தநாளத்தில் ஒரு ஸ்டென்ட் குழாய். 2020 பிப்ரவரியில் நோய் கல்லீரலுக்குப் போயிருந்தது. இம்யூனோதெரபி பலிக்கவில்லை. மே மாதம் ஜெம்சிடபின் என்ற கீமோ மருந்தைத் தொடங்கினார்கள், ஜூலை ஸ்கேனில் கட்டிகள் சுருங்கியிருந்தன. பரவிய கணையப் புற்றுக்கு இதைவிட வலுவான மருந்துக் கூட்டு உண்டு. ஃபோல்ஃபிரினாக்ஸ் என்ற அந்தக் கூட்டு, ஜெம்சிடபினில் 6.8 மாதமாக இருந்த இடைநிலை ஆயுளை 11.1 மாதமாக உயர்த்தியதென்று 2011-இல் ஒரு பிரெஞ்சு ஆய்வு காட்டியது. ஆனால் அந்த ஆய்வில் 75 வயதைத் தாண்டியவர்களைச் சேர்க்கவே இல்லை. எண்பதைக் கடந்தவருக்கு அந்தக் கூட்டைக் கொடுப்பதா, ஒற்றை மருந்தோடு நிறுத்துவதா என்று முடிவெடுக்கும் மருத்துவருக்கு அந்த எண்கள் முழுத் துணையாக வராது. வயதை மட்டும் பார்த்தாலும் போதாது. சர்க்கரையும் சிறுநீரகமும் எப்படி இருக்கின்றன, தானாக எழுந்து நடமாடுகிறாரா, அவருக்கு எது முக்கியம் என்பதையெல்லாம் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

இந்த இருவருக்கும் எது முக்கியம் என்பதில் யாருக்கும் குழப்பம் இருக்கவில்லை. பித்தப்பைத் தொற்றோடு மருத்துவமனையில் படுத்திருந்த கின்ஸ்பர்க், 2020 மே 6 அன்று அங்கிருந்தபடியே தொலைபேசியில் வழக்கு விசாரணையில் கலந்துகொண்டார். 1965-இல் கறுப்பினத்தவரின் வாக்குரிமைக்கான ஊர்வலத்தில், செல்மா பாலத்தில் போலீஸ் அடித்து மண்டை உடைந்த லூயிஸ், 2020 மார்ச்சில் சிகிச்சைக்கு நடுவே அதே பாலத்துக்கு வந்து நின்றார். தன் இறுதிச் சடங்கு நடக்கும் நாளில் வெளியிடச் சொல்லி இளைஞர்களுக்கு ஒரு கட்டுரையும் எழுதி வைத்திருந்தார். கின்ஸ்பர்க்கின் சிகிச்சை முடிவுகள் எதிலும் எனக்குக் குறை தெரியவில்லை. பதவியை விடாததில்தான் தெரிகிறது. தன்னைப் போன்ற கருத்துள்ள ஒருவர் அந்த இடத்துக்கு வர வழிவிட்டு ஓய்வுபெறச் சொல்லி 2014 வாக்கில் பலர் எழுதியும் அவர் கேட்கவில்லை. அவர் இடத்துக்கு வந்த நீதிபதியின் வாக்கும் சேர்ந்துதான் 2022-இல் அமெரிக்கா முழுவதற்குமான கருக்கலைப்பு உரிமை பறிபோனது.

நோயை வெளியே சொல்வதிலும் இருவரும் வேறுபட்டார்கள். லூயிஸ் உடனே சொன்னார். நோய் கல்லீரலுக்குப் பரவியதைப் பற்றி, மருந்து வேலை செய்கிறது என்று தெரிந்த பிறகுதான் கின்ஸ்பர்க் வாய் திறந்தார். எதை, எப்போது, யாரிடம் சொல்வது என்பதை இருவரும் தாங்களே தீர்மானித்தார்கள். நம் ஊரில் இது தலைகீழ். ஸ்கேன் ரிப்போர்ட் மகன் கையில் இருக்கும், கீமோ வேண்டுமா வேண்டாமா என்று வராந்தாவில் நின்று உடன்பிறந்தவர்கள் பேசி முடிப்பார்கள், ‘வயித்துல புண்ணு, சரியாயிடும்’ என்று அம்மாவிடம் சொல்லப்படும். இதை நான் பார்த்திருக்கிறேன். அந்த அம்மா, பேத்தி கல்யாணம் வரைக்கும் எப்படியாவது இருக்க வேண்டும் என்று எல்லா ஊசிக்கும் கை நீட்டியிருக்கலாம். ஆஸ்பத்திரியே வேண்டாம், வீட்டுக்குக் கூட்டிப்போங்கள் என்றும் சொல்லியிருக்கலாம். அவரை யாரும் கேட்கவில்லை.

கேட்டு, அவர் கீமோ வேண்டாம் என்றாலும் சிகிச்சை அதோடு முடிந்துவிடாது. காமாலைக்கு ஸ்டென்ட் உண்டு. முதுகைப் பிளக்கும் வலிக்கு மார்ஃபின் உண்டு, அதற்கும் அடங்காவிட்டால் வயிற்று நரம்புப் பின்னலில் போடும் ஊசி உண்டு. சாப்பிட்டது செரிக்காமல் உடம்பு வற்றும்போது, உணவோடு விழுங்க என்சைம் மாத்திரைகளும் உண்டு. இவற்றை வலிநிவாரண மருத்துவர்கள் கடைசி வாரத்துக்கென்று வைத்திருப்பதில்லை. நோய் உறுதியான நாளிலிருந்தே, கீமோ எடுப்பவருக்கும் எடுக்காதவருக்கும் கொடுக்கிறார்கள்.