கபுக் கல்லும் முருங்கன் களியும்

கிருலப்பனைக் கால்வாய் வெள்ளவத்தைப் பக்கமாய்ப் போய்க் கடலில் விழுகிறது. இப்படியான நகரக் கால்வாயில் சவர்க்கார நீரும் கராஜ் கழிவும் மலசலமும் ஒன்றாய்க் கலக்கும். இரசாயனக் கழிவை மலிவாய்ப் பிடித்துவைக்க நம் நாட்டிலேயே இரண்டு கனிமங்கள் உண்டு. ஒன்று, கொழும்பில் பழைய வீட்டுச் சுவர்களில் காணும் கபுக் கல். மற்றது, மன்னாரில் கட்டுக்கரைக் குளத்தை அண்டிய முருங்கன் களி.

கபுக் கல்லின் சிவப்பு இரும்பு ஒட்சைட்டால் வந்தது. அலுமினியமும் அதில் தாராளம். நடுநிலையான அல்லது சற்றே அமிலமான நீரில் அதன் மேற்பரப்பு நேர்மின்னேற்றம் பெறும். ஆகவே பொசுபேற்று, புளோரைட்டு போன்ற எதிர்மின் அயன்களை இழுக்கும். முருங்கன் களியில் உள்ள மொன்மொரிலோனைற்று இதற்கு நேர்மாறு. அதன் தகடுகளில் சில அலுமினிய அணுக்களின் இடத்தில் மக்னீசியம் அமர்ந்திருப்பதால் நிரந்தர எதிர்மின்னேற்றம் உண்டு. ஈயம், கட்மியம், செம்பு அதில் ஒட்டும். மெதிலீன் நீலம் கரைத்த கண்ணாடிக் குவளையில் இந்தக் களியைக் கலக்கி வைத்தால், மேல்நீர் தெளியும், அடியில் படியும் களி நீலமாகும். மெதில் ஒரேஞ்சைக் கரைத்துப் பாருங்கள், நிறம் அநேகமாய் அப்படியே நிற்கும்.

பிடிக்கும் கொள்ளளவில் களிதான் முன்னுக்கு. நூறு கிராம் மொன்மொரிலோனைற்று 80 முதல் 120 மில்லிச்சமவலு வரை அயன்களை மாற்றிக்கொள்ளும். சாதாரண வெண்களியான கயோலின் 15ஐத் தாண்டுவது அரிது. ஆனால் களி நீரில் ஊதி, வடியை அடைத்துவிடும். கலக்கி, படியவிட்டு, சேற்றை அள்ள வேண்டும். உடைத்த கபுக்கை ஒரு பீப்பாயில் நிரப்பினாலோ நீர் தானாய் இறங்கும். உலர்வலயக் கிராமங்களில் புளோரைட்டை நீக்க 1990களில் செங்கல் துண்டு வடிகள் பயன்பட்டதும் இந்த வசதிக்காகத்தான். ஆய்வுகூடத்தில் களி வெல்லும், கானில் கல் வெல்லும் என்பேன்.

உள்ள சிக்கல் அமில காரத்தில். சவர்க்கார நீர் காரமானது. அதில் கபுக்கின் நேர்மின்னேற்றம் குறைந்து பொசுபேற்று நழுவும். பெற்றரி கழுவிய நீர் கடும் அமிலம். அங்கே ஐதரசன் அயன்கள் களியின் இடங்களைப் பிடித்துக்கொள்ள ஈயம் வெளியே நிற்கும். எந்தக் கழிவுக்கு எது பொருந்துமோ, அந்தக் கழிவே அதன் கையைக் கட்டிவிடுகிறது! முன்கூட்டியே அமிலத்துக்குச் சுண்ணாம்பு, காரத்துக்குச் சிறிது அமிலம் என்று சரிப்படுத்தாமல் இரண்டும் வீண்.

கால்வாய்க்குள்ளேயே இவற்றைக் கொட்டலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம். மலசலத்தின் சேதனச் சுமைக்கு இரண்டுமே பெரிதாய் உதவா. அதற்கு நுண்ணுயிர்த் தொட்டி வேண்டும். இவற்றின் இடம் கராஜின், சாயப்பட்டறையின் குழாய் முனை. தேர்ந்தெடுக்கச் சொன்னால் சலவைக் கழிவுக்குக் கபுக், கராஜுக்குக் களி. மன்னாரிலிருந்து ஏற்றும் லொறிக் கூலியைச் சேர்த்தாலும் ஈயத்துக்கு அதுவே மேல்.

பாவித்து முடிந்தவையும் ஒன்றல்ல. பொசுபேற்றுப் பிடித்த கபுக்கால் பெரிய ஆபத்தில்லை. ஈயம் ஏறிய களியை மாநகர சபைக் குப்பையோடு போட்டால், குப்பையில் ஊறும் புளித்த சாறு அந்த ஈயத்தைத் திரும்பவும் கழற்றிவிடும். அதைச் சீமெந்தில் குழைத்து இறுக்கி, தனியே புதைக்க வேண்டும்.