வானை விட்டகன்ற பாறுகள்

ஐம்பது ஆண்டுகளுக்கு முன்னர் டில்லிக்குக் குடியேறிய நம்மவரை வினவினால், தாம் கண்ட முதற் குளிர்காலத்தைப் பற்றிக் கூறுவர். கரியடுப்பின் புகையைப் பற்றிக் கூறுவர். அவற்றோடு, சாலையோர மரங்களில் கூன் விழுந்த முதியோரைப்போல் வரிசையாக அமர்ந்திருந்த பெரும்பறவைகளைப் பற்றியும் கூறுவர். இந்தியில் அவற்றைக் ‘கித்’ என்பர். அவை கண்ணிற் பட்டால் நம் தாய்மார் முகஞ்சுளித்துக் குழந்தைகளை வீட்டிற்குள் அழைத்துக்கொள்வர். அவ்வாறு அழைக்கப்பட்ட குழந்தைகளுள் யானும் ஒருவன். இன்று என் பெயர்த்திக்கு அப்பறவையைக் காட்ட வேண்டுமாயின் படப்புத்தகத்தைத்தான் திறக்க வேண்டியிருக்கிறது.

பொதுவாகக் கழுகு என்று நாம் சொன்னாலும், உயிருள்ள இரையை வேட்டையாடும் கழுகு வேறு; இறந்த உடலை உண்டு வாழும் இப்பறவை வேறு. பாறு, எருவை என்னும் பெயர்கள் நம் பழந்தமிழ் நூல்களிற் பயில்வன. பிணந்தின்னி என்னும் பிற்காலப் பெயரைவிடப் பாறு என்பதே எனக்கு உவப்பானது. செய்யும் தொழிலைக் கொண்டு ஒருவரை இழித்துரைக்கும் வழக்கம் பறவைக்கும் வேண்டாவன்றோ!

1960களின் பிற்பகுதியில் சோவியத் நாட்டுப் பறவை அறிஞர் கலூஷின் இந்நகரத்தின் கூடுகளை எண்ணிப் பார்த்தார். வெண்முதுகுப் பாறுகள் மட்டும் சுமார் 400 இணைகள் இங்கே வாழ்ந்தன என்பது அவர் கண்ட கணக்கு. மக்கள் நெருங்கி வாழும் மாநகரில் இத்துணைப் பெரிய பறவைகள் இவ்வளவு திரளாக வாழ்ந்ததற்குக் காரணம் உண்டு. இறந்த மாட்டை ஊர்ப்புறத்துத் திடலிற் கொண்டு சென்று இடுவது வடநாட்டு வழக்கம். தோலை உரிப்போர் உரித்துச் சென்றபின் எஞ்சியதைப் பாறுகள் பார்த்துக்கொள்ளும். ஒரு பெருங்கூட்டம் இறங்கினால் ஒரு மணி நேரத்திற்குள் மாடு வெறும் எலும்பாகிவிடும். அந்த எலும்பைத் திரட்டி விற்றுப் பிழைத்த ஏழை மக்களும் உண்டு. நோய்க் கிருமிகளையும் அழிக்கவல்ல கடும் அமிலம் அப்பறவையின் வயிற்றில் இருப்பதால், நஞ்சாகி நாறும் இறைச்சியும் அதற்கு நல்லுணவே. நகராட்சிக்கு ஒரு காசும் செலவின்றி இத்தூய்மைப் பணி நாள்தோறும் நடந்துவந்தது. மும்பை மலபார் குன்றில் பார்சி மக்கள் தம் மூதாதையர் உடலை ஒப்படைத்ததும் இப்பறவைகளிடமே.

இவ்வளவு மலிந்திருந்த பறவை 1990களில் மறையத் தொடங்கியது. பரத்பூர் கேவலாதேவ் பூங்காவில் 1980களில் சுமார் 350 கூடுகள் இருந்தன. அங்கே பணிபுரிந்த விபு பிரகாஷ் என்னும் ஆராய்ச்சியாளர், பறவைகள் கழுத்தைத் தொங்கவிட்டுக் கிளையிலேயே சோர்ந்திருந்து பின் கீழே விழுந்து மடிவதைக் கண்டார். சில ஆண்டுகளுக்குள் அப்பூங்காவின் வெண்முதுகுப் பாறுக் கூடுகள் யாவும் வெறுமையாயின. 1992க்கும் 2007க்கும் இடையே நாடு முழுவதும் இவ்வினத்தில் ஆயிரத்துக்கு ஒன்றே எஞ்சியது என்று கணக்கெடுத்தோர் கூறினர். புலிக்குத் துப்பாக்கி, யானைக்குத் தந்தக் கள்வர் என்று பகைவரைச் சுட்டலாம். இதற்கு எவரும் பகைவரில்லை, வேட்டையாடியவரும் இல்லை. ஆகவே 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருந்தும் அது காவலாகவில்லை.

ஏதோ தொற்றுநோய் என்றே அறிஞர் பலர் முதலில் எண்ணினர். விடை பாகிஸ்தானின் பஞ்சாபிலிருந்து வந்தது. அங்கு இறந்த பறவைகளை அறுத்துப் பார்த்த லிண்ட்சே ஓக்ஸ் என்னும் அமெரிக்க மருத்துவரும் அவர் குழுவினரும், உடலின் உள்ளுறுப்புக்களின்மேல் சுண்ணாம்பு பூசியதுபோல் யூரிக் அமிலம் படிந்திருக்கக் கண்டனர். சிறுநீரகம் கெட்டதன் அடையாளம் அது. அதற்குக் காரணம் டைக்குளோஃபெனாக் என்னும் வலிநீக்கி மருந்து என்பதை 2004இல் வெளியிட்டனர். நம்முள் மூட்டுவலி உடையோர் இம்மருந்தை நன்கறிவர்! 1990களின் நடுவிலிருந்து இது மலிவான விலையில் மாடுகளுக்கும் கிடைத்தது. மருந்து செலுத்திய சில நாட்களில் மாடு இறந்துவிட்டால், அதனை உண்ட பாறும் இறக்கும். நூறு உடல்களில் ஒன்றில் நஞ்சு இருந்தாலே அவ்வினம் அழிவதற்குப் போதும் என்பது பின்னர்க் கணக்கிட்டறிந்த செய்தி. ஒரே உடலைப் பல பத்துப் பறவைகள் கூடி உண்பதால் வந்த விளைவு இது.

இவ்வரலாற்றில் யான் மீண்டும் மீண்டும் நின்று எண்ணும் இடம் ஒன்றுண்டு. நோவால் துடிக்கும் கிழமாட்டை இறைச்சிக்கு விற்க மனமின்றி, இருந்த காசைக் கொண்டு ஊசி போடச் செய்த உழவன் செய்தது கருணையன்றோ? அக்கருணையே பறவையைக் கொன்றது. அவனைக் குறை கூற எனக்கு நா எழவில்லை. ஒரு மருந்தை நாடெங்கும் பரப்புமுன், அது மாட்டின் உடலோடு முடிந்துவிடுமா, அப்பால் எங்கே செல்லும் என்று கேட்டிருக்க வேண்டியவர் வேறு.

பாறுகள் விட்டுச் சென்ற உணவுக்குத் தெருநாய்கள் வந்தன. நாய் பெருகவே வெறிநாய்க்கடியும் பெருகியது. திடல்களில் அழுகிய உடல்களிலிருந்து கழிவுநீர் ஆற்றிலும் கிணற்றிலும் கலந்தது. பாறுகள் மிகுந்திருந்த மாவட்டங்களையும் என்றுமே அருகியிருந்த மாவட்டங்களையும் ஒப்பிட்டு ஆராய்ந்த ஈயல் ஃப்ராங்க், அனந்த் சுதர்சன் என்னும் பொருளியலறிஞர் இருவர், முன்னவற்றில் மக்களின் இறப்பு விகிதம் நூற்றுக்கு நான்குக்கும் மேல் உயர்ந்தது என்று 2024இல் எழுதினர். 2000 முதல் 2005 வரை ஆண்டொன்றுக்குச் சுமார் 1 லட்சம் மக்கள் இதனால் மிகையாக மாண்டனர் என்பது அவர்கள் மதிப்பு. முகஞ்சுளித்துக் குழந்தையை உள்ளே அழைத்த நம் வீடுகளை அப்பறவைதான் காத்துவந்தது!

கால்நடைகளுக்கென அம்மருந்தைச் செய்வதை இந்திய அரசு 2006இல் தடுத்தது. மெலாக்சிகம் என்னும் மாற்று மருந்து பறவைக்குத் தீங்கற்றது எனவும் தெளிந்தனர். எனினும் மனிதருக்கென்று விற்ற பெரிய குப்பிகள் மாட்டுக் கொட்டிலுக்குச் சென்றுகொண்டே இருந்தன. ஆகவே 2015இல் மனிதர்க்கான ஊசிமருந்தையும் ஒரு வேளைக்குரிய சிறு குப்பியில் மட்டுமே விற்க விதி வந்தது. கீட்டோப்ரோஃபென், அசிக்குளோஃபெனாக் என்னும் உறவுமுறை மருந்துகளுக்குக் கால்நடைத் தடை வந்தது 2023இல்தான். ஒரு மருந்தைத் தடுத்தால் அதன் தம்பி வருகிறான் என்பதே இத்துறையினர் படும் பாடு. இதற்கிடையே அரியானாவின் பிஞ்சோரில் பாறுகளைக் கூண்டிலிட்டுப் பெருக்கி, 2020இல் எட்டுப் பறவைகளை வானில் விடுத்தனர். இப்பறவை ஆண்டிற்கு இடுவது ஒரே முட்டை; குஞ்சு வளர்ந்து கூடு கட்ட ஐந்தாண்டுகள் ஆகும். பத்தாண்டில் அழிந்தது மீள எத்தனை தலைமுறை ஆகுமோ!

சீதையைக் காக்கப் போரிட்டு உயிர்நீத்த சடாயுவைப் புள்ளிருக்குவேளூரில் நாம் வணங்குகிறோம். திருக்கழுக்குன்றத்தில் உச்சிப்பொழுதில் அமுதுண்ண வந்த இரு மஞ்சள்முகப் பாறுகளை நம் முன்னோர் கைகூப்பிக் கண்டனர். 1990களோடு அக்காட்சியும் ஓய்ந்தது. தமிழகத்தில் இன்று பாறுகள் கூடு கட்டி வாழும் பெரும்புகலிடம் நீலகிரியின் வடக்கே மாயாற்றுப் பள்ளத்தாக்கு. ஆற்றோரத்து நீர்மருத மரங்களின் உச்சியில் அவை கூடு அமைக்கின்றன. தமிழகம், கருநாடகம், கேரளம் மூன்றும் சேர்ந்து எண்ணியபோதும் சில நூறே தேறின.

கோடை விடுமுறைக்கு ஊர் செல்லும் நம் குடும்பத்தினர் உதகைக்குப் போவதுண்டு. அவ்வழியே மசினகுடிக்கு இறங்குவோர், வெயில் ஏறிய பின் வண்டியை ஓரமாக நிறுத்தி மேலே நோக்குக. இறக்கை அசைக்காமல் வட்டமிடும் பறவையின் இறக்கையடியில் வெண்ணிறம் பட்டையாகத் தெரிந்தால், அது வெண்முதுகுப் பாறு. குழந்தைகளையும் வெளியே அழையுங்கள்.