பொதுமனையும் தேநீர்க்கடையும்: சேலம் மண்ணின் கூடுமிட வரலாறு

உணவும் மதுவும் ஆட்டமும் ஒரு கூரையின்கீழ் அமையும் இடத்தை ஆங்கிலேயர் ‘பப்ளிக் ஹவுஸ்’ என்றனர். அதன் குறுக்கமே ‘பப்’. தமிழில் ‘பொதுமனை’ எனலாம். அதனை வெறும் மதுக்கடையாகக் கருதுதல் பொருந்தாது. உழைத்துக் களைத்தவர் பசியாறவும், அயலாரோடு அளவளாவவும், தம் ஊர் அணியின் வெற்றி தோல்வியைப் பேசவும் அமைந்த இடம் அது. கால்பந்துக்கும் அதற்கும் உள்ள உறவு பழமையானது. 1863 அக்டோபர் 26 அன்று இலண்டன் ‘ஃபிரீமேசன்ஸ் டாவர்ன்’ என்னும் விடுதியில் கூடியவர்களே இங்கிலாந்தின் கால்பந்துச் சங்கத்தை நிறுவினர். அவ்விடுதியில் தொடர்ந்து நடந்த கூட்டங்களில் ஆட்டத்தின் முதல் விதித்தொகுப்பும் உருவாயிற்று.

இத்தகைய கூடுமிடம் சேலம், நாமக்கல் சமவெளியில் என்ன வடிவம் கொண்டிருந்தது, எவ்வாறு மாறிற்று என்பது ஆராயத்தக்கது.

கூடியுண்ணும் மரபு இம்மண்ணுக்குப் புதிதன்று. 1937இல் சேலம் மாவட்டம் இன்றைய சேலம், நாமக்கல், தருமபுரி, கிருட்டிணகிரி ஆகிய நான்கு மாவட்டங்களையும் உள்ளடக்கியது. அவற்றுள் தருமபுரியே சங்ககாலத் தகடூர். அதியமான் நெடுமான் அஞ்சியின் ஊர். அவன் மறைந்தபோது ஔவையார் பாடிய கையறுநிலைப் பாட்டு புறநானூற்றில் 235ஆம் பாட்டாக உள்ளது. கள்ளையும் சோற்றையும் பிறரோடு பகிர்ந்துகொண்ட அவன் பண்பையே அப்பாட்டு முதலில் நினைவுகூர்கிறது. அந்த அவையில் பெண்ணான ஔவைக்கும் இடம் இருந்தது. இச்செய்தியை மனத்திற் கொண்டே பிற்கால வரலாற்றை நோக்க வேண்டும்.

ஆங்கிலேயர் ஆட்சியில் கள்ளும் சாராயமும் அரசின் வருவாய்ப் பொருள்களாயின. பனை, தென்னை, ஈச்சை மரங்களிலிருந்து இறக்கிய கள், வரி செலுத்தி உரிமம் பெற்ற கடைகளில் விற்கப்பட்டது. உழவரும் நெசவாளரும் மாலையில் கூடிய கள்ளுக்கடையே இம்மண்ணின் பொதுமனையாக இருந்தது. கூலியின் பெரும்பகுதி கடையிலேயே கரைய, வீட்டில் அடுப்பு எரியாத கொடுமையும் உடனிருந்தது. இக்கொடுமையை எதிர்த்த எழுத்தியக்கம் இம்மாவட்டத்திலேயே தோன்றியது. திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் 1925இல் காந்தி ஆசிரமத்தை நிறுவிய இராஜாஜி, 1929இல் அங்கிருந்து ‘விமோசனம்’ என்னும் மதுவிலக்குத் திங்களிதழைத் தொடங்கினார். அதன் ஆசிரியப் பணியில் உடனிருந்தவர் கல்கி. பத்து இதழ்களோடு நின்றுபோயினும், ஒரு சமூகச் சிக்கலுக்கெனவே நடத்தப்பெற்ற இலக்கிய முயற்சி என்ற வகையில் அது தனியிடம் பெறும்.

1937 சூலையில் சென்னை மாகாண முதலமைச்சரான இராஜாஜி, அவ்வாண்டு அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கை நடைமுறைப்படுத்தினார். மாகாணத்தில் முதலில் தெரிவு செய்யப்பட்டது அவர் பிறந்த மாவட்டமே. வருவாய் இழப்பை ஈடுசெய்ய 1939இல் விற்பனை வரி கொணரப்பட்டது. மரமேறிகள் பதநீர் இறக்கி வெல்லம் காய்ச்சும் தொழிலுக்குத் திருப்பப்பட்டனர். மாலைப் பொழுதை நிரப்ப விளையாட்டும் பஜனையும் கூத்தும் ஊக்குவிக்கப்பட்டன. கடையை மூடினால் அங்குக் கூடியவர்கள் எங்குச் செல்வார்கள் என்ற வினாவை ஆட்சியாளர் உணர்ந்திருந்தனர் என்பதற்கு இம்முயற்சிகளே சான்று.

இவ்விடத்தில் இங்கிலாந்தின் கார்லைல் நகரை ஒப்புநோக்கலாம். முதல் உலகப்போர்க் காலத்தில் அருகிலிருந்த கிரெட்னா வெடிமருந்துத் தொழிற்சாலைக்கு வந்து குவிந்த தொழிலாளரின் குடிப்பழக்கம் அரசுக்குக் கவலை தந்தது. 1916இல் அரசு அந்நகரப் பொதுமனைகளைத் தானே வாங்கிற்று. பலவற்றை மூடியது. எஞ்சியவற்றில் மது விற்பனை கூடினால் ஊதியம் கூடும் என்ற நிலையை மாற்றி, மேலாளர்க்கு நிலையான சம்பளம் வகுத்தது. உணவுக்கு முதன்மை தந்தது. பின்னர்க் கட்டடக் கலைஞர் ஹாரி ரெட்ஃபர்ன் வடிவமைத்த மனைகள் சிலவற்றில் விளையாட்டுக்குப் புல்வெளியும் அமைந்தது. குடியைக் குறைத்துக் கூட்டத்தைக் காத்தல் அங்கு மேற்கொண்ட வழி. சேலத்திலோ குடியோடு கூடுமிடமும் மூடப்பட்டது. வறுமை மிக்க இம்மாவட்டத்தில் அவ்வழியைக் குறைகூறுதல் எளிதன்று; அதனால் அடுப்பு எரிந்த வீடுகள் உண்டு.

வெறுமையான அவ்விடத்தைத் தேநீர்க்கடை மெல்ல மெல்ல நிரப்பியது. இந்தியத் தேயிலைச் சந்தை விரிவாக்க வாரியம் நாடெங்கும் தேநீரைப் பரப்பிய காலமும் அதுவே. 1939இல் திருச்சி வானொலி நிலையம் தொடங்கிற்று. பின்னாளில் தேநீர்க்கடை விசுப்பலகையில் ஒருவர் நாளிதழைப் படிக்க மற்றவர் கேட்பதும், கிரிக்கெட் வருணனைக்காக வானொலியைச் சூழ்ந்து நிற்பதும் தமிழகத்து ஊர்களின் இயல்பான காட்சிகளாயின. 1986இல் மெக்சிகோவில் நடந்த உலகக்கோப்பைக் கால்பந்தைத் தூர்தர்ஷன் நேரடியாக ஒளிபரப்பியபோது, நள்ளிரவிலும் விழித்திருந்து மரடோனாவைக் கண்டது ஒரு தலைமுறை. பொதுமனையின் பணிகளுள் மதுவொழிந்த பிறவற்றை ஏற்று நடத்தியது தேநீர்க்கடையே எனலாம்.

எனினும் அதன் விசுப்பலகை எல்லார்க்கும் உரியதாக இருக்கவில்லை. பல ஊர்களில் இரட்டைக் குவளை முறை நிலவியது. ஒடுக்கப்பட்டோர் வெளியே நின்று தனிக் குவளையில் பருக நேர்ந்தது. பெண்களுக்கோ நிற்கவும் இடமில்லை. மதுவிலக்கால் மிகுந்த பயன் பெற்றவர்கள் பெண்கள். ஆயினும் அதன்பின் எழுந்த கூடுமிடத்தில் அவர்களுக்கு இருக்கை இல்லை.

மதுவிலக்கு 1971இல் தளர்ந்தது, மீண்டது, 1981இல் மறுபடியும் தளர்ந்தது. 1983இல் தோன்றிய மாநில வாணிபக் கழகம் 2003 முதல் சில்லறை விற்பனையையும் தானே மேற்கொண்டது. கார்லைலில் அரசு நடத்தியவை உணவு பரிமாறி உரையாட இடந்தந்த மனைகள். இங்கு அரசு ஏற்று நடத்துவது பெரும்பாலும் கம்பித் தடுப்புக்குப் பின்னிருந்து புட்டி நீட்டும் விற்பனை. இன்று பெருநகர்களில் ஆங்கிலப் பாணி ‘பப்’புகள் பெருந்திரையில் கால்பந்து காட்டி உணவு பரிமாறுகின்றன. அங்கு ஆணும் பெண்ணும் சேர்ந்து அமர்கின்றனர் என்பது உண்மை. அதற்குரிய பணம் சமவெளியின் விசைத்தறித் தொழிலாளியிடம் இல்லை என்பதும் உண்மை.

எந்தக் கடையைத் திறப்பது, எதனை மூடுவது என்ற வழக்கு எண்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தொடர்கிறது. மக்கள் எங்குக் கூடுவது, அங்கு யாருக்கு இடம் உண்டு என்ற வினா 1937இல் அரைகுறையாக எழுந்து அப்படியே நின்றுவிட்டது. கவிஞரும் கேட்போரும் பணமின்றி, வேற்றுமையின்றிக் கூடும் இலக்கிய வட்டம் போன்ற அமைப்புகள் அவ்வினாவுக்குரிய விடையில் ஒரு பகுதியேனும் ஆகும். அதியமான் அவையில் ஔவைக்கிருந்த இருக்கை இம்மண்ணின் எல்லாப் பெண்களுக்கும் வாய்க்கும்போதே அவ்விடை நிறைவுறும்.