பஸ் கூரையில் போன ராமநாதபுரம்

1988 அக்டோபர் 2 வரைக்கும் மண்டபத்தில் எல்லாமே கீழே இறங்கியாக வேண்டும். மதுரையிலிருந்து வந்தாலும் சரி, ராமநாதபுரத்திலிருந்து வந்தாலும் சரி, பஸ்ஸுக்கு அதற்கு மேல் ரோடு கிடையாது. எதிரே கடல். ஆட்கள் முன்வாசல் பின்வாசல் வழியாக இறங்குவார்கள். சரக்கு பின்பக்க ஏணி வழியாக இறங்கும். அங்கிருந்து ரயிலில் ஏற்றிப் பாம்பனுக்குக் கொண்டுபோக வேண்டும், இல்லாவிட்டால் தோணி. அன்றைக்கு ராஜீவ் காந்தி சாலைப் பாலத்தைத் திறந்துவைத்த பிறகுதான், மதுரையில் பஸ் மேல் ஏறிய ஒரு மூட்டை வழியில் எங்கும் இறங்காமல் ராமேஸ்வரம் போய்ச் சேர முடிந்தது. அந்தப் பாலத்துக்கு இந்திரா காந்தி அடிக்கல் நாட்டியது 1974இல். கட்டி முடிக்கப் பதினான்கு வருஷம். அதற்கு முன்னால், 1914லிருந்து எழுபத்து நான்கு வருஷம், தீவையும் கரையையும் இணைத்தது ரயில் பாலம் ஒன்றுதான்.

பாம்பன் என்றதும் நம் எல்லோருக்கும் அந்த ரயில் பாலம்தான் ஞாபகம் வரும். கடல்மேல் ஒற்றைத் தண்டவாளம், கப்பலுக்கு வழிவிட்டு இரண்டாகத் திறக்கும் ஷெர்சர் தூக்குப் பாலம், காற்று 58 கிலோமீட்டரைத் தாண்டினால் நிறுத்தப்படும் ரயில். அதைப் பற்றி நிறைய எழுதிவிட்டார்கள். எனக்கு மண்டபம் வரை வந்து நின்ற பஸ்களின் கூரை பற்றித்தான் சொல்ல வேண்டும். இந்தச் சீமையின் பாதி வியாபாரம் அந்தக் கூரையில்தான் நடந்தது.

மொத்தச் சரக்கெல்லாம் ரயிலில் போனது. அரிசி, சிமெண்ட், உப்பு என்று வேகன் கணக்கில் அனுப்புகிறவர்களுக்கு ரயில் சரி. இரண்டு மூட்டை, மூன்று பெட்டி வைத்திருப்பவர்களுக்கு ரயில் தோதுப்படாது. புக்கிங் ஆபீஸில் நிற்க வேண்டும், ரசீது வாங்க வேண்டும், சேரும் இடத்தில் போய்க் காத்துக் கிடக்க வேண்டும். பஸ் அப்படியில்லை. உச்சிப்புளியில் கை காட்டினால் நிற்கும். பரமக்குடியில் கடை வாசலிலேயே இறக்கிப் போட்டுவிட்டுப் போகும். கூட ஆள் வர வேண்டும் என்றுகூட இல்லை. கண்டக்டரிடம் லக்கேஜுக்குக் காசைக் கொடுத்து, "அண்ணே, மானாமதுரையில இன்னாரு வந்து நிப்பாரு" என்று சொல்லிவிட்டால் போதும். சின்ன வியாபாரியின் சரக்கு இப்படித்தான் பயணப்பட்டது.

கூரையில் லோடு ஏற்றுவதைப் பார்த்திராத தலைமுறைக்கு அதைக் கொஞ்சம் விளக்கித்தான் ஆக வேண்டும். பஸ் கூரை தரையிலிருந்து ஏறக்குறைய பத்தடி உயரம். சுற்றிலும் முழங்கால் உயரத்துக்கும் குறைவாக ஒரு இரும்புக் கம்பி வேலி. அதற்குப் பெயர் கேரியர். பின்னால் ஒரு ஏணி. மூட்டையைத் தூக்கத் தரையில் ஒருத்தர், ஏணியின் பாதியில் ஒருத்தர், மேலே ஒருத்தர் என்று மூன்று பேர் இருந்தால் வேலை சுலபம். பெரும்பாலும் இரண்டு பேர்தான் இருப்பார்கள். சில சமயம் ஒரே ஆள். தலையில் சும்மாடு வைத்து, அதன்மேல் மூட்டையை ஏற்றிக்கொண்டு, ஒரு கையால் மூட்டையையும் மறு கையால் ஏணியையும் பிடித்தபடி ஏறுவார். கடைசிப் படியில்தான் சிக்கல். அங்கே ஏணியை விட்டுவிட்டு இரண்டு கையாலும் மூட்டையை முன்னால் தள்ள வேண்டும். அந்த ஒரு கணம் மனுஷன் எதையும் பிடிக்காமல் நிற்கிறான். உலகத் தொழிலாளர் அமைப்பு 1967இல், வளர்ந்த ஆண் ஒருவர் தூக்கக்கூடிய சுமைக்கு 55 கிலோ என்று ஒரு வரம்பு சொன்னது. அந்த வரம்பு இந்த ஏணிகள் வரைக்கும் வந்து சேரவே இல்லை. தமிழ்நாட்டில் சுமை தூக்குவோரையும் சேர்த்து உடலுழைப்புத் தொழிலாளர்களுக்கென்று ஒரு சட்டம் வந்ததே 1982இல்தான்.

ஏற்றுவதைவிட அடுக்குவதுதான் வித்தை. கனமானது அடியில், நடுவில். லேசானது ஓரத்தில். இது எல்லோருக்கும் தெரியும். ஒரு பக்கமாகக் கனம் ஏறினால் வளைவில் பஸ் சாயும். ஆனால் அதோடு இன்னொரு கணக்கும் உண்டு. கடைசியில் இறங்க வேண்டியது முதலில் ஏற வேண்டும். மண்டபத்தில் கிளம்புகிற பஸ்ஸில் மதுரைச் சரக்கு உள்ளே தள்ளிக் கிடக்கும். அதன்மேல் பரமக்குடி. ராமநாதபுரத்துச் சரக்கு ஏணிக்குப் பக்கத்தில். அந்த வழித்தடத்தையே தலைகீழாக மடித்து கூரையில் வைத்த மாதிரி இருக்கும். நடுவழியில் ஒருத்தர் அவசரமாகச் சரக்கோடு ஏறினால் கணக்கு முழுக்கக் கலைந்துபோகும். அப்போது மேலே நிற்கிறவர் கீழே நிற்கிறவரைத் திட்டுகிற திட்டை இங்கே எழுத முடியாது. கடைசியில் தேங்காய் நார்க் கயிற்றைக் கம்பிக்குக் கம்பி குறுக்கும் நெடுக்குமாக இழுத்துக் கட்டுவார்கள். மழைக்காலம் என்றால் அதன்மேல் படுதா. முடிச்சு போடுவதிலும் ஒரு நியாயம் உண்டு. இழுத்தால் இறுக வேண்டும், அவிழ்க்க வேண்டிய ஆளுக்கு ஒரே இழுப்பில் அவிழவும் வேண்டும். ஊர் ஊருக்குப் பஸ் நிற்பது இரண்டு நிமிஷம்தானே.

சரி, தமிழ்நாடு முழுக்கத்தானே பஸ் மேல் லோடு போனது, ராமநாதபுரத்துக்கு மட்டும் என்ன விசேஷம் என்று கேட்கலாம். இந்த மண்ணில் விளைகிற சரக்கைப் பாருங்கள். ஒன்று கருவாடு. கடலோரம் தொண்டியிலிருந்து கீழக்கரை, ஏர்வாடி வரைக்கும் மணலில் காய்வது. இரண்டு, முண்டு மிளகாய். 2023இல் புவிசார் குறியீடு கிடைத்த அதே குண்டு மிளகாய்தான். மூன்று, கரி. சீமைக்கருவேலத்தை வெட்டி, மூட்டம் போட்டு எரித்து எடுக்கிற கரி. வானம் பொய்த்த வருஷங்களில் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறு போட்டது அதுதான். மூன்றையும் வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரு விஷயம் புரியும். ஒன்று நாறும், ஒன்று நெடியேறும், ஒன்று கறையாகும். மூன்றில் எதையும் ஆட்களோடு உள்ளே வைத்துக்கொண்டு போக முடியாது. மிளகாய்ச் சாக்கு ஒன்றே ஒன்று உள்ளே ஏறினால் பரமக்குடி வரை பஸ் முழுக்கத் தும்மல்தான். ஆகவே எல்லாம் மேலே. இந்தச் சீமைக்குக் கூரை சும்மா கூடுதல் இடமாக இருக்கவில்லை. இங்கே விளைந்தது வெளியூர் போக இருந்த வழியே அதுதான்.

பச்சை மீனின் கதை இதில் கொஞ்சம் வேறு மாதிரி. மீன் கூடை மேலே போனாலும் மீன் தண்ணி கீழேதான் வரும். பஸ் பிரேக் போட்டால் கூரையிலிருந்து ஜன்னல் வழியாக வழியும். ஜன்னலோரம் வெள்ளைச் சட்டையோடு உட்கார்ந்திருப்பவர் கத்துவார். கண்டக்டர் பஸ்ஸை நிறுத்தி, கூடைக்காரம்மாவைப் பார்த்து, "ஆத்தா, அடியில சாக்கு போடலையா?" என்பார். சண்டை பெரிதாகும், பிறகு அடங்கும், பஸ் கிளம்பும். எவ்வளவு சண்டை போட்டாலும் கூடையும் போகும், கூடைக்காரம்மாவும் போவார். இந்த இடத்தைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த பஸ்கள் யாருடையவை? 1912இல் டி.வி. சுந்தரம் அய்யங்கார் தொடங்கிய பஸ் தொழில் மதுரையை மையமாக வைத்து வளர்ந்தது. இரண்டாம் உலகப் போரில் பெட்ரோலுக்குப் பஞ்சம் வந்தபோது, கரியை எரித்து அதன் வாயுவில் பஸ் ஓட்டும் கலன்களை டி.வி.எஸ். தயாரித்து விற்றது. 1972இல் அரசு பஸ்களை எடுத்துக்கொண்டதும் மதுரையில் பாண்டியன் போக்குவரத்துக் கழகம் வந்தது. 1983இல் காரைக்குடியைத் தலைமையிடமாகக் கொண்டு மருது பாண்டியர் போக்குவரத்துக் கழகம். முதலாளி மாறினார், பஸ்ஸின் நிறம் மாறியது. ஏணியும் கேரியரும் அப்படியே இருந்தன. தனியார் பஸ்ஸில் மேலே ஏற க்ளீனர் பையன் இருப்பான். அரசு பஸ்ஸில் சரக்குக்காரரே ஆளைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பெரிய மாற்றம் என்றால் அது ஒன்றுதான்.

தீவுக்குள் சரக்கு இறங்கிய விதங்களில் அப்துல் கலாம் தன் சுயசரிதையில் சொல்லும் சம்பவம் ஒன்று உண்டு. போர்க்காலத்தில் ராமேஸ்வரம் ஸ்டேஷனில் ரயில் நிற்பதை ரத்து செய்துவிட்டார்கள். அதனால் ராமேஸ்வரத்துக்கும் தனுஷ்கோடிக்கும் நடுவே ஓடுகிற ரயிலிலிருந்தே பேப்பர் கட்டுகளை வீசுவார்கள். பேப்பர் ஏஜெண்டாக இருந்த உறவினருக்கு உதவியாக, விழுகிற கட்டுகளைப் பிடித்தான் சிறுவன் கலாம். முதல் சம்பாத்தியம் என்று அவர் எழுதுவது அந்த வேலையைத்தான். இந்தத் தீவில் வளர்ந்த குடியரசுத் தலைவரும் ஆரம்பத்தில் லோடு இறக்கியவர்தான் என்று நான் விளையாட்டாகச் சொல்வதுண்டு.

1964 டிசம்பர் 22 ராத்திரி அடித்த புயலில் தனுஷ்கோடி போயிற்று, பாம்பனிலிருந்து வந்த ரயில் போயிற்று, பாலமும் சிதைந்தது. இ. ஸ்ரீதரன் தலைமையில் 46 நாளில் பாலத்தைச் சரிசெய்தது பொறியியல் சாதனையாக இன்றும் பேசப்படுகிறது. நியாயமான பேச்சுதான். ஆனால் அந்த 46 நாளும் தீவில் அடுப்பு எரிய வேண்டும் என்றால் மண்டபத்தில் இறங்கிய ஒவ்வொரு மூட்டையும் படகில் ஏறித்தான் போயிருக்க வேண்டும். அந்தப் பக்கத்தை யாரும் எழுதி வைக்கவில்லை.

சாலைப் பாலம் வந்ததும் என்ன ஆயிற்று? மண்டபத்தின் சுமைக்காரர்கள் நின்றுபோனார்கள். ராமேஸ்வரத்து மீன் ஐஸ் பெட்டியோடு லாரி ஏறி நேரே கேரளா போகத் தொடங்கியது. அதுவரை மண்டபத்தோடு நின்ற யாத்திரை பஸ்கள் கோயில் வாசல் வரைக்கும் வந்தன. வடநாட்டு யாத்திரை பஸ்ஸின் கூரையை ராமேஸ்வரம் பார்க்கிங்கில் நின்று பார்த்திருக்கிறீர்களா? அது ஒரு முழுச் சமையலறை. ஆட்டா மூட்டை, உருளைக்கிழங்கு, எண்ணெய் டின், அண்டா, அடுப்பு, எல்லாம் மேலேதான் இருக்கும். காலையில் சமையல்காரர் மேலே ஏறி ஒவ்வொன்றாக இறக்குவார். சாப்பாடு முடிந்ததும் கழுவிய பாத்திரமெல்லாம் மறுபடி மேலே போகும். சரியாக இறுக்காத படுதா பாம்பன் பாலத்தில் படபடவென்று அடித்துக்கொள்கிற சத்தம் நூறு அடி தள்ளிக் கேட்கும். அங்கே அடிக்கிற காற்றுக்கு நம் ஊர் முடிச்சுதான் சரி.

பிறகு சத்தமில்லாமல் ஒரு காரியம் நடந்தது. அரசு பஸ்களிலிருந்து ஏணி போயிற்று, கேரியர் போயிற்று. புதிதாக வந்த பஸ்களின் கூரை மொழுமொழுவென்று இருந்தது. பாதுகாப்பு என்று பார்த்தால் இதில் குறை சொல்ல முடியாது. கூரைக் கனத்தால் பஸ் கவிழ்வதும், மேலே உட்கார்ந்து போனவர்கள் மரக்கிளையில் அடிபடுவதும் நடந்தவைதான். பெரிய வியாபாரிக்கு லாரி இருக்கிறது, மினி வேன் இருக்கிறது. ஒரு கூடை வைத்திருக்கிறவளுக்கு என்ன இருக்கிறது? கூடை இப்போது உள்ளேதான் ஏற வேண்டும். அதுவரை மேலே இருந்த நாற்றம் உள்ளே வந்து உட்கார்ந்தது. இந்த நாட்டில் நாற்றம் என்ற சொல் வெறும் மூக்கு சம்பந்தப்பட்டதாக எப்போதும் இருந்ததில்லை.

2021 டிசம்பரில் கன்னியாகுமரி மாவட்டம் குளச்சலில், மீன் விற்றுவிட்டு வீடு திரும்பிய வயதான அம்மா ஒருவரை, மீன் வாடை அடிக்கிறது என்று அரசு பஸ்ஸிலிருந்து இறக்கிவிட்டார்கள். பஸ் நிலையத்தில் நின்று அவர் நியாயம் கேட்ட வீடியோவை ஊரே பார்த்தது. முதலமைச்சர் கண்டித்தார். டிரைவர், கண்டக்டர், நேரக்காப்பாளர் மூன்று பேரும் சஸ்பெண்ட் ஆனார்கள். அதே வாரம் நாகர்கோவில் வடசேரியில் நரிக்குறவர் குடும்பம் ஒன்றை இறக்கிவிட்டு, அவர்கள் மூட்டையை வெளியே வீசினார்கள். அதற்கும் நடவடிக்கை வந்தது. நடவடிக்கை எடுத்தது சரி. ஆனால் இரண்டு சம்பவத்தையும் கண்டக்டரின் குணக்கேடு என்று மட்டும் பேசி முடித்துக்கொண்டதில் எனக்கு ஒப்புதலில்லை. கூரை இருந்த காலத்துக் கண்டக்டர்கள் தங்கமானவர்கள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் "கூடையை மேல போடு ஆத்தா" என்று சொல்ல அவர்களுக்கு ஒரு இடம் இருந்தது. அந்த இடத்தை எடுத்தவர்கள் அதற்குப் பதிலாக எதையும் வைக்கவில்லை. பஸ்ஸை வடிவமைத்தபோது கூடைக்காரம்மா யார் நினைப்பிலும் இருந்ததாகத் தெரியவில்லை.

நினைத்தால் செய்யலாம் என்பதற்கு அக்கம்பக்கத்திலேயே சாட்சி உண்டு. குளச்சல் சம்பவத்துக்குச் சில மாதம் முன்பு, அதே 2021இல், கேரள அரசு திருவனந்தபுரத்தில் மீன் விற்கும் பெண்களுக்கென்றே ‘சமுத்ரா’ என்று பஸ் விட்டது. கட்டணம் கிடையாது. மீன் பாத்திரம் வைக்க உள்ளே தனி இடம். தமிழ்நாட்டில் 2025இல், அடையாள அட்டை வைத்திருக்கும் மகளிர் சுயஉதவிக் குழுவினர் தங்கள் பொருட்களை 25 கிலோ வரை, 100 கிலோமீட்டர் தூரம் வரை அரசு பஸ்ஸில் இலவசமாகக் கொண்டுபோகலாம் என்று ஆயிற்று. நல்ல காரியம். ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரம் ஐம்பத்தைந்து கிலோமீட்டர்தான். தூரம் போதும். அந்த 25 கிலோவை எங்கே வைப்பது என்பதுதான் மிச்சம் இருக்கிற கேள்வி. சீட்டுக்கு அடியில் நுழையாது, நடைபாதையில் வைத்தால் மிதிபடும்.

2022 டிசம்பரில் பழைய ரயில் பாலம் மூடப்பட்டது. 2025 ஏப்ரல் 6இல் புதுப் பாலம் திறக்கும் வரை, இரண்டு வருஷத்துக்கு மேல், ராமேஸ்வரத்துக்கு ரயிலே கிடையாது. ரயில்கள் மண்டபத்தோடும் ராமநாதபுரத்தோடும் நின்றன. 1988க்கு முன்னால் ரோடு நின்ற ஊரில் இப்போது தண்டவாளம் நின்றது. ரயிலில் வந்தவர்கள் பெட்டியும் படுக்கையுமாக இறங்கி, பாலத்தைத் தாண்ட பஸ்ஸையும் வேனையும் தேடினார்கள்.

அந்த வேன்களில் கேரியர் இன்னும் இருக்கிறது. பாம்பனிலும் தங்கச்சிமடத்திலும் ஓடுகிற வண்டிகளின் தலையில் பார்க்கலாம், பைப்பை வளைத்து லோக்கல் பட்டறையில் அடித்த கேரியர். வெயில் ஏறுவதற்குள் சந்தைக்குப் போக வேண்டிய பெண்கள் அதில்தான் கூடையை ஏற்றுகிறார்கள். அரசு பஸ்ஸில் அவர்களுக்கு டிக்கெட் இலவசம். இங்கே ஆளுக்கு ஒரு காசு, கூடைக்கு ஒரு காசு. டிரைவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "மீனா, கருவாடா மதினி?" என்று கேட்டுக்கொண்டுதான் ரேட் சொல்கிறார்.