படம் எடுத்தவர் யார்? பெண்களின் ஒளிப்படங்களும் பெயர்க்குறிப்பின் வரலாறும்

பழவங்காடி கணபதி இடம்பெயர்ந்து வந்தவர். பத்மநாபபுரம் கோட்டையைக் காத்து நின்ற நாயர் படையினர் வழிபட்ட திருவுருவம், படை திருவனந்தபுரத்துக்கு மாற்றப்பட்டபோது அவர்களோடு வந்து சேர்ந்தது என்று கோயில் வரலாறு கூறும். கோயில் இன்றும் இந்திய இராணுவத்தின் பொறுப்பில்தான் இருக்கிறது. ஆண்டுதோறும் நவராத்திரிக்குப் பத்மநாபபுரத்துச் சரசுவதியும் கிழக்கேகோட்டைக்கு ஊர்வலமாக வந்து, விழா முடிந்ததும் திரும்பிச் செல்கிறாள். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் தலைநகர் என்ற தகுதியை இழந்த பத்மநாபபுரம், 1956இல் தமிழ்நாட்டோடு இணைந்தது. அரண்மனை மட்டும் கேரள அரசின் பராமரிப்பில் தொடர்கிறது.

அந்த அரண்மனை 2008இல் வேறொரு வடிவில் பயணப்பட்டது. தயானிதா சிங்கின் 'சென்ட் எ லெட்டர்' என்னும் தொகுப்பு அவ்வாண்டு ஜெர்மனியின் ஸ்டைடல் பதிப்பகத்தில் வெளியாயிற்று. துணி போர்த்திய சிறு பெட்டிக்குள் ஏழு மடிப்பு நூல்கள். ஒவ்வொன்றையும் விரித்து மேசைமேல் நிறுத்தினால் அதுவே ஒரு கண்காட்சி. அலகாபாத், பம்பாய், கல்கத்தா, தேவிகட், வாரணாசி ஆகியவற்றோடு பத்மநாபபுரத்துக்கும் ஒரு நூல் உண்டு. பயணங்களில் உடன்வந்த நண்பர்களுக்காகச் செய்த கையெழுத்துக் குறிப்பேடுகள் போன்ற சிறு படத்தொகுப்புகளே இவற்றின் மூலம். ஒரு படி நண்பருக்கு, மறு படி தமக்கு என்பது அவர் வைத்திருந்த வழக்கம். வெளியான பின்னரும் இவை பெரிய காட்சிக்கூடங்களுக்காகக் காத்திருக்கவில்லை. கொல்கத்தா பார்க் தெருவின் நகைக்கடை ஒன்றின் கண்ணாடிப் பெட்டியில் நகைகளுக்குரிய இடத்தில் இந்நூல்கள் விரித்து வைக்கப்பட்டன.

ஏழாவது நூல் எந்த ஊரையும் பற்றியதன்று. அதன் பெயர் 'நோனி சிங்'. தயானிதாவின் தாயார் எடுத்த படங்கள் அதில் உள்ளன. நோனி சிங் தொழில்முறைக் கலைஞர் அல்லர். தங்கைகளையும் மகள்களையும் உறவினரையும் பல்லாண்டுகள் படம் எடுத்து வந்தவர். உலகறிந்த மகளின் பெட்டிக்குள் ஏழில் ஒன்றாக நுழைந்த அப்படங்கள், 2013இல் 'தி ஆர்க்கிவிஸ்ட்' என்ற தலைப்பில் நோனி சிங்கின் சொந்தப் பெயரிலேயே நூலாயின. குடும்ப ஆல்பத்தில் படத்தில் இருப்பவர்களின் பெயர்களை எல்லோரும் சொல்வார்கள். எடுத்தவர் யார் என்று கேட்பவர் அரிது. அந்தக் கேள்விக்கு விடையாக அமைந்ததே அந்நூலின் முகப்பிலுள்ள பெயர்.

பெண்களின் ஒளிப்படங்களை இணையக் கண்காட்சிகளும் சிறு வெளியீடுகளும் வெளிக்கொணர்கின்றன என்று இன்று பேசப்படும்போது, அவை முற்றிலும் புதியவை என்ற தொனி அப்பேச்சில் இருக்கிறது. இந்திய வரலாறு அதற்கு இசைவாக இல்லை. சிறு வடிவங்களில், கைக்குக் கை, வீட்டுக்கு வீடு போய்வந்ததே இங்குப் பெண்களின் ஒளிப்படக் கலை. இடம் கிடைக்காமல் போனதைவிடப் பெயர் கிடைக்காமல் போனதுதான் அதன் பெரிய இழப்பு.

1892இல் ஹைதராபாத்தில் லாலா தீன் தயாள் பெண்களுக்கென்று தனி ஸ்டுடியோ ஒன்றைத் திறந்தார். கோஷா முறையில் வாழ்ந்த பெண்கள் அயல் ஆடவர் பார்வை படாமல் படம் எடுத்துக்கொள்ள ஏற்பட்ட அந்த ஜெனானா ஸ்டுடியோவைக் கென்னி-லெவிக் என்ற ஆங்கிலப் பெண்மணி நடத்தினார். வரலாற்று நூல்களில் அவர் 'திருமதி கென்னி-லெவிக்' என்றே வருகிறார், அதாவது கணவரின் குடும்பப் பெயரோடு. தீன் தயாளின் பெயரோ எண்ணற்ற படங்களின் அடியில் அச்சாகி நிற்கிறது. ஸ்டுடியோவின் பெயர் நிறுவனத்தின் பெயர். கேமராவுக்குப் பின்னிருந்த கை யாருடையது என்பதை அது சொல்வதில்லை.

படத்தில் இருப்பவரின் பெயருக்கும் இதே கதி நேர்வதுண்டு. கொல்கத்தாவில் பிறந்து இங்கிலாந்தில் புகழ்பெற்ற ஜூலியா மார்கரெட் கேமரன், 1875இல் இலங்கைக்குக் குடிபெயர்ந்து 1879இல் அங்கேயே மறைந்தார். களுத்துறையில் அவர் எடுத்த படங்களுள் தாவர ஓவியர் மரியான் நார்த்தின் உருவப்படம் அப்பெயராலேயே அறியப்படுகிறது. உள்ளூர் மக்களின் படமோ 'களுத்துறைக் குடியானவர் குழு' என்ற பொதுப்பெயரில் அருங்காட்சியகப் பட்டியல்களில் கிடக்கிறது. எடுத்தவர் பெண் என்பதனால் எடுக்கப்பட்டவருக்குப் பெயர் வந்துவிடவில்லை. பெண்களின் ஒளிப்பட வரலாற்றை ஒரே நேர்கோட்டு விடுதலைக் கதையாகச் சொல்வோர் கேமரனின் இறுதி ஆண்டுகளை விரைந்து கடந்துவிடுவது இதனால்தான் போலும்.

நூறாண்டுகளுக்கும் மேலான இடைவெளிக்குப் பின் அந்தப் பொதுப்பெயர் வழக்கத்தைக் கேலிக்கு உள்ளாக்கியவர் பெங்களூரைச் சேர்ந்த புஷ்பமாலா. கிளேர் ஆர்னியுடன் இணைந்து 2000 முதல் 2004 வரை அவர் உருவாக்கிய படவரிசையின் தலைப்பே 'தென்னிந்தியப் பூர்வகுடிப் பெண்கள்: பழக்கங்களும் வழக்கங்களும்' என்று பொருள்படும். காலனிய இனவரைவியல் நூலொன்றின் தலைப்பு என்றே எவரும் கருதக்கூடும். கிளிமானூர் ரவிவர்மாவின் நிலவொளி மங்கை உட்படப் பல உருவங்களாகப் புஷ்பமாலாவே வேடமிட்டு நிற்கிறார். நிற்பவர், கேமராவை இயக்குபவர் ஆகிய இருவர் பெயரும் சேர்ந்தே ஆசிரியர் பெயராகின்றன. இதைப் பெருந்தன்மை என்று மட்டும் சொல்லிவிட முடியாது. ஒரு படத்துக்கு ஆசிரியர் யார் என்ற கேள்வியே அந்தப் படவரிசையின் உட்பொருள்.

ஹோமாய் வியாரவாலாவின் வழக்கு இன்னும் சிக்கலானது. 1913இல் நவ்சாரியில் பிறந்து, பம்பாய் ஜே.ஜே. கலைப் பள்ளியில் பயின்றவர். கேமராவைக் கணவர் மானெக்‌ஷாவிடம் கற்றார். அவர் எடுத்த தொடக்ககாலப் படங்கள் பத்திரிகைகளில் கணவரின் பெயரில் வந்தன. பின்னர் அவர் தமக்கு வைத்துக்கொண்ட புனைபெயர் 'டால்டா 13'. பிறந்தது 1913, கணவரைச் சந்தித்தது 13ஆம் வயதில், காரின் பதிவெண் டிஎல்டி 13 என்பவை அதன் பின்னணி. மொழியியல் நோக்கில் இப்பெயர் சுவையானது. 'திருமதி' எனும் சொல் இதில் இல்லை. பாலும் சாதியும் மதமும் ஊரும் புலப்படவில்லை. வனஸ்பதி டப்பாவின் பெயரும் ஓர் எண்ணும்தான் உண்டு. மறைவதற்கும் கையொப்பமிடுவதற்கும் அதுவே போதுமானதாயிற்று.

தமிழில் இம்மறைவு இலக்கணத்திலேயே அமைந்திருக்கிறது. 'படம் எடுத்தார்' என்னும் மரியாதை வினைமுற்றில் ஆண்பால் பெண்பால் வேறுபாடு இல்லை. தலைப்பெழுத்தோடு வரும் 'படம்: எஸ். எம்.' போன்ற குறிப்பிலும் இல்லை. வேறுபாடு இல்லாத இடத்தில் வாசகர் ஆணையே கருதிக்கொள்கிறார் என்பதற்குச் சான்று, 'பெண் ஒளிப்படக் கலைஞர்' என்று அடைமொழி சேர்க்க நேர்வதுதான். 'ஆண் ஒளிப்படக் கலைஞர்' என்று எழுதுபவர் இல்லை.

வியாரவாலா 1970இல் தொழிலைக் கைவிட்டார். நேரு, மவுண்ட்பேட்டன், காந்தியின் இறுதி ஊர்வலம் என்று நாட்டின் நினைவில் பதிந்த பல காட்சிகள் அவருடையவை என்பது அடுத்த தலைமுறைக்குத் தெரியாமலே இருந்தது. சபீனா கதிஹோக் 1998இல் எடுத்த 'த்ரீ விமன் அண்ட் எ கேமரா' என்னும் ஆவணப்படமும், 2006இல் வெளியிட்ட நூலும் அவரை மீட்டன. தில்லி தேசிய நவீனக் கலைக்கூடத்தில் 2010இல் பெருங்கண்காட்சி, 2011இல் பத்ம விபூஷண், 2012 ஜனவரியில் மறைவு. வரிசையைக் கவனிக்கவேண்டும். ஆவணப்படமும் நூலும் முதலில், அரசுக் காட்சிக்கூடம் அதன் பிறகே. அவருடைய படங்கள் அல்காசி அறக்கட்டளையின் பாதுகாப்பில் வந்து, இணையக் கண்காட்சியாகவும் காணக் கிடைத்தன. கணவர் பெயரில் அச்சான படங்கள் அவ்வாறு மீண்டும் சொந்தப் பெயரில் உலவத் தொடங்கின.

கதிஹோக்கின் மற்றொரு பணி இன்னும் சிறிய வடிவில் நிகழ்ந்தது. தில்லியின் சராய் அமைப்பு, எவரும் இலவசமாகத் தரவிறக்கிக்கொள்ளும் வகையில் 'சராய் ரீடர்' என்ற ஆண்டுத் தொகுப்பை வெளியிட்டு வந்தது. அதன் 2003ஆம் ஆண்டு இதழில், 1930 முதல் 1960 வரை வீட்டளவில் பெண்கள் எடுத்த படங்களைப் பற்றிய அவரது கட்டுரை வந்தது. அவர் கவனப்படுத்தியவர்களுள் மனோபீனா ராயும் தேபலினா மஜும்தாரும் இருக்கிறார்கள். 1919இல் பிறந்த இந்த இரட்டையருக்குக் காசியை அடுத்த ராம்நகரில் ஆசிரியராக இருந்த தந்தை, 12ஆம் வயதில் ஆளுக்கொரு கேமராவைப் பரிசளித்தார். மனோபீனா பின்னாளில் திரைப்பட இயக்குநர் பிமல் ராயை மணந்தார்.

இருவரும் உறுப்பினராக இருந்தது ஐக்கிய மாகாண அஞ்சல் படத்தொகுப்பு வட்டத்தில். இத்தகைய வட்டங்கள் செயல்பட்ட முறை எளிது. உறுப்பினர்களின் படங்கள் ஒரு கட்டாக அஞ்சலில் ஒருவரிடமிருந்து அடுத்தவருக்குச் செல்லும். பெறுபவர் பிறர் படங்களைப் பார்த்துத் தம் விமர்சனத்தை எழுதி, தமது பழைய படத்தை எடுத்துக்கொண்டு புதியதை வைத்து அனுப்புவார். கண்காட்சிக்குப் பெண் போக வேண்டியதில்லை. கண்காட்சி வீட்டு வாசலுக்கு வந்தது. அஞ்சல்தலை ஒன்றே நுழைவுக் கட்டணம். பெண்ணின் பெயரும் ஆணின் பெயரும் அதே கட்டில், ஒரே அளவு எழுத்தில் இருந்தன. இன்று இணையத்தில் படங்களைப் பகிர்ந்து கருத்துரை கேட்கும் குழுக்களுக்கு மூதாதையைத் தேடுவோர், கலைக்கூடங்களைவிட இந்த அஞ்சல் கட்டுகளைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

2010இல் அனுஷா யாதவ் தொடங்கிய 'இந்தியன் மெமரி புராஜெக்ட்' குடும்பப் படங்களை அவற்றின் கதையோடு இணையத்தில் சேர்த்தது. 2018இல் நேபாளப் படநூலகத்தின் 'பெமினிஸ்ட் மெமரி புராஜெக்ட்' பெண்களின் பொதுவாழ்வைப் படங்களால் தொகுத்துக் காட்சிக்கு வைத்தது. இரண்டும் மதிப்புக்குரியவை. எனினும் பெண்களைப் பற்றிய படத்துக்கும் பெண்கள் எடுத்த படத்துக்கும் உள்ள வேறுபாடு இத்தகைய முயற்சிகளில் எளிதில் கரைந்துவிடும். தமிழ்ச் சூழலில் இவ்வேறுபாடு கூர்மையானது. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தைச் சார்ந்த ஆய்வாளர்கள், 1880 முதல் 1980 வரையிலான தமிழ் ஸ்டுடியோப் படங்களைப் பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்கள் திட்டத்தின்கீழ் மின்னுருவாக்கினர். அரிய பணி. அதில் பெண்கள் எண்ணற்றோர் இருக்கிறார்கள்: மணக்கோலத்தில், கைக்குழந்தையோடு, வரைந்த திரைச்சீலையின் முன்னால். பெரும்பாலும் கேமராவுக்கு முன்னால்தான். பின்னாலிருந்தவர் யார் என்ற கேள்விக்கு ஸ்டுடியோவின் பெயரே விடையாக நிற்கிறது.

இணையத்தின் நிலைபேறு பற்றியும் மிகை நம்பிக்கை வேண்டா. 2023 அக்டோபரில் நடந்த இணையத் தாக்குதலால் பிரிட்டிஷ் நூலகத்தின் மின்சேவைகள் பல மாதங்கள் முடங்கின. அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே அந்நிலை என்றால், தளப்பெயர்க் கட்டணத்தை ஆண்டுதோறும் கைக்காசில் செலுத்தும் இருவர் மூவர் குழுக்களின் கண்காட்சிகள் எத்தனை காலம் நிற்கும்? நின்றாலும், ஒரு படம் ஒருமுறை பகிரப்பட்டவுடன் முதலில் உதிர்வது அதன் படக்குறிப்பு. நூறு கைகள் மாறிய பின் 'பழைய படம்' என்ற இரு சொற்களே எஞ்சும். இணையம் படத்தைப் பரப்புகிறது. பெயரைக் காப்பதில் அது பலவீனமானது.

அச்சு இவ்விடத்தில் கைகொடுக்கிறது. தயானிதா சிங் தம் படங்களுக்குப் பெரும்பாலும் குறிப்பு எழுதுவதில்லை. 'மியூசியம் பவன்' என்ற அவரது ஒன்பது நூல் பெட்டி 2017இல் பாரிஸ் போட்டோ-அப்பர்ச்சர் விருதைப் பெற்றது. பெட்டியின்மேல் பெயர் உறுதியாக இருப்பதால் உள்ளே குறிப்பின்மை ஓர் அழகியல் தேர்வாகிறது. வீட்டு ஆல்பத்திலிருந்து முதன்முறை வெளிவரும் ஒருவருக்கு அத்தேர்வு இல்லை. அவருக்கு எடுத்தவர், எடுக்கப்பட்டவர், ஊர், ஆண்டு என்ற நான்கும் தாளில் அச்சாகியிருக்க வேண்டும். அதற்குப் பெரிய பதிப்பகம் தேவைப்படாது. இருநூறு படிகள், ஓர் ஊர் அச்சகம், நூலுக்குரிய ஒழுங்கான தலைப்புப் பக்கம் போதும்.

1954ஆம் ஆண்டின் நூல் ஒப்படைப்புச் சட்டம் இந்தியாவில் வெளியாகும் ஒவ்வொரு நூலுக்கும் பொருந்தும். பதிப்பித்தவர், வெளியான 30 நாட்களுக்குள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும், சென்னை கன்னிமாரா உள்ளிட்ட மூன்று பொது நூலகங்களுக்கும் தம் செலவில் ஒவ்வொரு படி அனுப்ப வேண்டும். சிறு வெளியீட்டாளர்கள் இதைப் பொருட்படுத்துவது குறைவு, நினைவூட்டுவோரும் குறைவு. அனுப்பப்பட்ட படியின் விவரம் நூலகப் பட்டியலில் ஏறுகிறது. அங்கே ஆசிரியர் என்ற இடத்தில் படம் எடுத்த பெண்ணின் பெயரே எழுதப்படும்.