ஆயிரம் துளைத் தட்டு

தூத்துக்குடிக் கடலோரத்துக்கு 1961 இருவகையில் நினைவுக்குரிய ஆண்டு. 1955இல் மீண்டும் தொடங்கிய முத்துக்குளிப்பு அவ்வாண்டோடு நின்றது. ம.பொ.சி. எழுதிய நூலைத் தழுவி பி.ஆர். பந்துலு இயக்கிய 'கப்பலோட்டிய தமிழன்' வெளிவந்ததும் அவ்வாண்டில்தான்.

அப்படத்தின் எச்.டி. பிரதி ஒன்றை அண்மையில் 4கே கணினித் திரையில் பார்த்தேன். பெரிய திரையாயிற்றே, கப்பலின் கயிறுகளும் துறைமுகக் கூட்டத்தின் முகங்களும் துலங்கும் என்று நெருங்கினேன். கண்டது வழவழப்பான ஒரு மங்கலே.

காரணம் எளிய கணக்கு. எச்.டி. காணொளியின் ஒரு சட்டகத்தில் 1920க்கு 1080, அதாவது ஏறத்தாழ 20.7 இலட்சம் புள்ளிகள். திரையிலோ 3840க்கு 2160, ஏறத்தாழ 83 இலட்சம். ஒரு புள்ளி நான்கு புள்ளிகளின் இடத்தை நிரப்பியாக வேண்டும். அதே நிறத்தை நான்கு முறை இடலாம். அல்லது அண்டைப் புள்ளிகளைக் கொண்டு இடைநிறத்தை ஊகிக்கலாம். எவ்வாறாயினும், திரையில் ஒளிரும் நான்கில் மூன்று பங்கு புள்ளிகள் அப்பிரதியில் இல்லாதவை.

முத்து வணிகர் இதை நன்கறிந்திருப்பர். முத்துக்களைத் தரம்பிரிக்க அவர்களிடம் பத்துப் பித்தளைத் தட்டுகள் இருந்தன. தட்டுகள் ஏறத்தாழ ஓரளவின. துளைகளின் எண்ணிக்கையோ 20, 30, 50 என ஏறி 1000 வரை செல்லும். எண்ணிக்கை கூடக்கூடத் துளை சிறுக்கும். பொடிமுத்தைப் பிரித்தறிய 1000 துளைத் தட்டே வேண்டும். ஆயினும் தட்டு அளக்குமேயன்றி விளைவிக்காது. சிப்பியில் இல்லாத முத்தை அது தரப்போவதில்லை.

வரலாற்றிலும் இவ்வாறே நேர்கிறது. 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனி, 1907இல் இரு கப்பல்கள், 1908இல் சிறை: இச்சில புள்ளிகளுக்கு இடைப்பட்டதைத் திரைப்படம் கற்பனையால் நிரப்பியது. அது கலையின் உரிமை. ஆனால் வ.உ.சி. என்றதும் சிவாஜி கணேசனின் முகமே பலருக்கு நினைவில் எழுகிறது. நிரப்பியதை நாம் பதிவென்று கொண்டுவிட்டோம்.

விவரம் வேண்டுவோர் மூலத்துக்குத்தான் திரும்ப வேண்டும். நன்கு பேணப்பட்ட 35 மி.மீ. மூலச் சுருளைப் புதிதாக வருடினால் எச்.டி.யைவிட மிகுந்த நுட்பம் கிடைக்கும். வரலாற்றில் அச்சுருளுக்கு நிகரானவை வ.உ.சி. செய்யுளில் எழுதிய சுயசரிதையும் அரசுக் கோப்புகளும் அக்கால இதழ்களும். அவர் கைதானதை அடுத்து 1908 மார்ச் 13 அன்று திருநெல்வேலியில் மூண்ட எழுச்சியை ஆ.இரா. வேங்கடாசலபதி அத்தகைய மூலங்களிலிருந்தே மீட்டு, 'திருநெல்வேலி எழுச்சியும் வ.உ.சி.யும் 1908' என்னும் நூலாக்கினார். துப்பாக்கிச் சூட்டில் மாண்ட எளியவர்களும் அவ்வரலாற்றில் இடம்பெறுகின்றனர். அவர்களைக் காணப் பெரிய திரை உதவாது.

2011இல் துறைமுகத்துக்கு வ.உ.சி.யின் பெயர் சூட்டப்பட்டது. பெயர் பெரிதாக எழுதப்பட்டுவிட்டது. அதற்குள் இருக்க வேண்டிய விவரங்களில் பல இன்னும் கோப்புகளில்தான் கிடக்கின்றன.